குழுப் பட்டை விளக்கப்படத்தில் ஒப்பீட்டுக் கோடு: அகத்தொகை நூல்களின் திணைப் பகிர்வை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

எண்ணிக்கை சார்ந்த இலக்கிய ஆய்வுகளில் குழுப் பட்டை விளக்கப்படமும் அதன் குறுக்கே வரையப்படும் ஒப்பீட்டுக் கோடும் பெருகிவருகின்றன. கோட்டை வரைவது மென்பொருளில் ஒரு கட்டளை அளவே ஆகும். அக்கோடு எந்த எண்ணைக் குறிக்கிறது, அவ்வெண் எந்தக் கருதுகோளிலிருந்து பிறந்தது என்பன பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. அகநானூறு, ஐங்குறுநூறு, கலித்தொகை ஆகிய மூன்று நூல்களின் திணைவாரிப் பாடல் எண்ணிக்கையைத் தரவாகக் கொண்டு, இவ்விளக்கப்படத்தை உருவாக்கும் முறையையும், கோட்டைத் தேர்வதில் உள்ள சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரே பட்டை ஒரு கோட்டுக்கு மேலாகவும் மற்றொரு கோட்டுக்குக் கீழாகவும் நின்று எதிரெதிர் முடிவுகளைத் தரக்கூடும் என்பது எடுத்துக்காட்டுகளால் நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: குழுப் பட்டை விளக்கப்படம், ஒப்பீட்டுக் கோடு, திணைப் பகிர்வு, விழுக்காட்டு அடிப்படை, புள்ளியியல் மென்பொருள்.

முன்னுரை

பட்டை விளக்கப்படத்தின் தொடக்கம் வில்லியம் பிளேஃபேர் 1786இல் வெளியிட்ட வணிக, அரசியல் வரைபட நூலில் காணப்படுகிறது. 1780ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் முதல் 1781ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் வரை ஸ்காட்லாந்து 17 இடங்களுடன் நடத்திய ஏற்றுமதி, இறக்குமதியை அவர் பட்டைகளாக வரைந்தார். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு பட்டைகள் அருகருகே அமைந்தன. எனவே, முதற்பட்டை விளக்கப்படமே குழுப் பட்டை விளக்கப்படமாகவும் இருந்தது எனலாம்.

பட்டைகளின் வலிமை எங்குள்ளது என்பதை வில்லியம் கிளீவ்லாந்து, ராபர்ட் மெக்கில் ஆகியோர் 1984இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாக்கியது. பொதுவான ஓர் அளவுகோலின்மேல் அமைந்த இடங்களை ஒப்பிடுவதில் மனிதக் கண் மிகுந்த துல்லியம் காட்டுகிறது. கோணங்களையும் பரப்புகளையும் ஒப்பிடும்போது அத்துல்லியம் குறைகிறது. ஆயினும், குழுப் பட்டை விளக்கப்படத்தில் ஒரே குழுவின் பட்டைகளை ஒப்பிடுவது எளிது. தொலைவிலுள்ள குழுக்களின் பட்டைகளை ஒப்பிடுவது அரிது. இக்குறையை நீக்கவே படத்தின் குறுக்கே ஒப்பீட்டுக் கோடு வரையப்படுகிறது. தொலைவிலுள்ள இரு பட்டைகளையும் தனித்தனியே அக்கோட்டோடு ஒப்பிட்டுக்கொள்ள இயலும். ஆகவே படத்தின் பொருள் பெரிதும் அக்கோட்டைச் சார்ந்துவிடுகிறது. இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள் இச்சார்பே.

1. தரவும் அதன் வரையறையும்

திணைப் பகுப்பு நூலின் வைப்புமுறையிலேயே பதிந்துள்ள மூன்று அகத்தொகை நூல்கள் இங்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. குறுந்தொகை, நற்றிணை ஆகியவற்றில் பாடல் வரிசை திணையைக் காட்டுவதில்லை. அவற்றின் திணைக் கணக்குப் பதிப்புதோறும் வேறுபடக்கூடும் என்பதால் அவை விடப்பட்டன. கடவுள் வாழ்த்துப் பாடல்கள் எண்ணப்படவில்லை.

அட்டவணை 1: திணைவாரிப் பாடல் எண்ணிக்கை

அகநானூறு: முல்லை 40, குறிஞ்சி 80, மருதம் 40, நெய்தல் 40, பாலை 200, மொத்தம் 400.
ஐங்குறுநூறு: முல்லை 100, குறிஞ்சி 100, மருதம் 100, நெய்தல் 100, பாலை 100, மொத்தம் 500.
கலித்தொகை: முல்லை 17, குறிஞ்சி 29, மருதம் 35, நெய்தல் 33, பாலை 35, மொத்தம் 149.

ஐங்குறுநூற்றில் நெய்தற் பகுதியைச் சேர்ந்த 129, 130ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. கிடைத்த பாடல்களை மட்டும் எண்ணினால் நெய்தல் 98, நூல் மொத்தம் 498 ஆகும்; நெய்தலின் பங்கு 19.68 விழுக்காடாகவும் ஏனைய ஒவ்வொன்றின் பங்கு 20.08 விழுக்காடாகவும் அமையும். தொகுத்தவரின் திட்டத்தை ஆராய்வோர் 500ஐயும், இன்று கையில் உள்ள பனுவலின் சொல்வளத்தை ஆராய்வோர் 498ஐயும் கொள்வது பொருந்தும். இக்கட்டுரை நூலமைப்பை நோக்குவதால் 500 கொள்ளப்பட்டது. இத்தகைய தெரிவைப் படத்தின் அடிக்குறிப்பில் தவறாது பதிவுசெய்தல் வேண்டும்.

2. எண்ணிக்கையா, விழுக்காடா?

அட்டவணை 1இல் உள்ள எண்ணிக்கைகளை அப்படியே பட்டைகளாக வரைந்தால் பிழையான தோற்றம் எழும். முல்லையில் அகநானூற்றுப் பட்டை 40, கலித்தொகைப் பட்டை 17. மருதத்தில் 40, 35. நெய்தலில் 40, 33. மூன்று திணைகளிலும் அகநானூறே ஓங்கி நிற்கும். ஆனால், ஒவ்வொரு நூலையும் 100 எனக் கொண்டு பங்கு கணக்கிட்டால் நிலை தலைகீழாகிறது.

அட்டவணை 2: நூலினுள் திணையின் பங்கு (விழுக்காடு)

அகநானூறு: முல்லை 10, குறிஞ்சி 20, மருதம் 10, நெய்தல் 10, பாலை 50.
ஐங்குறுநூறு: ஐந்து திணைகளும் 20.
கலித்தொகை: முல்லை 11.41, குறிஞ்சி 19.46, மருதம் 23.49, நெய்தல் 22.15, பாலை 23.49.

மேற்கூறிய மூன்று திணைகளிலும் கலித்தொகையின் பங்கே இப்போது மிகுதி. நூல்களின் மொத்தம் 149, 400, 500 என வேறுபடும்போது எண்ணிக்கைப் பட்டைகள் திணைப் பகிர்வைக் காட்டாமல் நூலின் அளவையே காட்டுகின்றன.

எண்ணும் அலகும் கருதத்தக்கது. ஐங்குறுநூற்றுப் பாடல்கள் 3 முதல் 6 அடிகள் கொண்டவை. அகநானூற்றுப் பாடல்கள் 13 முதல் 31 அடிகள் கொண்டவை. ஐங்குறுநூறு முழுவதும் 3000 அடிகளைத் தாண்ட இயலாது. அகநானூறோ 5200 அடிகளுக்குக் குறைய இயலாது. பாடல் அலகில் ஐங்குறுநூறும் அடி அலகில் அகநானூறும் பெரியவை. ஆகவே 'பாடல் எண்ணிக்கையின் விழுக்காடு' என்று அச்சின் பெயரில் வெளிப்படையாக எழுதுதல் வேண்டும். 'விழுக்காடு' என்று மட்டும் எழுதுவது போதாது.

3. அடிப்படை எண் மாறினால் கோடு பொருளிழத்தல்

விழுக்காடு என்றதும் எதன் விழுக்காடு என்ற வினா எழுதல் வேண்டும். அகநானூற்றுப் பாலைப் பாடல்கள் 200. இதனை மூன்று வகையில் விழுக்காடாக்கலாம்.

முதலாவது, நூலின் மொத்தமாகிய 400ஆல் வகுத்தல்: 50 விழுக்காடு. இரண்டாவது, மூன்று நூல்களின் பாலைப் பாடல் மொத்தமாகிய 335ஆல் வகுத்தல்: 59.70 விழுக்காடு. மூன்றாவது, அனைத்துப் பாடல்களின் மொத்தமாகிய 1049ஆல் வகுத்தல்: 19.07 விழுக்காடு.

ஐந்து திணைகளும் ஒரு நூலில் சமமாகப் பகிரப்பட்டால் ஒவ்வொன்றுக்கும் 20 விழுக்காடு கிடைக்கும் என்பதால் 20இல் ஒப்பீட்டுக் கோடு வரைவது இயல்பு. அக்கோடு முதல் வகைக்கு மட்டுமே பொருந்தும். இரண்டாம் வகையில் ஒரு திணையை மூன்று நூல்கள் பகிர்ந்துகொள்வதால் சமநிலைக் கோடு 33.33இல் அமைதல் வேண்டும். மூன்றாம் வகையில் 15 பட்டைகள் 100ஐப் பகிர்வதால் அது 6.67 ஆகும். மூன்றாம் வகை விழுக்காட்டின்மேல் 20 என்னும் கோட்டை வரைந்தால், தன் நூலில் சரிபாதியாகிய அகநானூற்றுப் பாலைகூடக் கோட்டுக்குக் கீழே நிற்கும். படம் பிழையின்றி அச்சாகும். மென்பொருள் எச்சரிக்கை எதுவும் தாராது. எஸ்பிஎஸ்எஸ் போன்ற மென்பொருள்களில் விழுக்காட்டின் அடிப்படையைப் பயனரே தெரிவுசெய்ய இடமுண்டு. அத்தெரிவைச் சரிபார்த்த பின்னரே கோட்டைச் சேர்த்தல் வேண்டும். ஒரு நூலின் ஐந்து பட்டைகளையும் கூட்டினால் 100 வருகிறதா என்று பார்ப்பதே எளிய சோதனை.

4. மென்பொருளில் வரையும் முறை

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகியோர் உருவாக்கிய ஆர் மொழியும், அதில் ஹாட்லி விக்காம் அமைத்த ஜிஜிபிளாட் 2 தொகுப்பும் இங்கு முதன்மையாகக் கொள்ளப்படுகின்றன. இத்தொகுப்பு லேலண்ட் வில்கின்சன் 1999இல் வெளியிட்ட வரைகலை இலக்கணம் பற்றிய நூலின் கொள்கையைப் பின்பற்றுவது. படத்தை ஆயத்த வகையாகக் கொள்ளாமல் தரவு, அச்சு, வடிவம், அளவுகோல் எனும் உறுப்புகளின் புணர்ச்சியாகக் கொள்வது அக்கொள்கை.

அ. தரவை நெட்டாக்கல். அட்டவணை 15 நிரைகளாக அமைதல் வேண்டும். ஒவ்வொரு நிரையிலும் நூல், திணை, பாடல் எண்ணிக்கை, விழுக்காடு என்ற நான்கு பத்திகள் இருக்கும்.

ஆ. வரிசையை நிலைநிறுத்தல். மென்பொருள் திணைப் பெயர்களை அகரவரிசையில் அடுக்கும். குறிஞ்சி, நெய்தல், பாலை, மருதம், முல்லை என்றே படம் அமையும். தொல்காப்பிய நிலவரிசைப்படி முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என நிறுத்தி, நிலம் வகுக்கப்படாத பாலையை இறுதியில் வைக்க வேண்டுமாயின், ஃபேக்டர் கட்டளையால் நிலைகளை அவ்வரிசையில் எழுதித் தருதல் வேண்டும்.

இ. பட்டைகளை வரைதல். கிடை அச்சில் திணையும் நெடு அச்சில் விழுக்காடும் நிற நிரப்பில் நூலும் அமையும். கூட்டப்பட்ட எண்கள் கையில் இருப்பதால் ஜியோம் கால் என்னும் கட்டளையே உரியது. ஜியோம் பார் என்னும் கட்டளை நிரைகளை எண்ணுவது; 15 நிரைத் தரவின்மேல் அதனை ஏவினால் எல்லாப் பட்டைகளும் 1 என்னும் ஒரே உயரத்தில் நிற்கும். பாடலுக்கு ஒரு நிரையாக 1049 நிரைகள் இருப்பின் எண்ணிக்கைப் படத்துக்கு அது பயன்படும். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்படாமல் அருகருகே நிற்க டாட்ஜ் என்னும் இட அமைப்பைக் குறித்தல் வேண்டும். குறிக்காவிடில் அடுக்குப் பட்டைகளே தோன்றும்.

ஈ. கோட்டைச் சேர்த்தல். ஜியோம் எச்லைன் கட்டளையில் நெடு அச்சு மதிப்பாக 20 கொடுத்தால் படத்தின் முழு அகலத்துக்கும் கோடு அமையும். பட்டைகளுக்குப் பின் இக்கட்டளையை எழுதினால் கோடு பட்டைகளின்மேல் தெரியும். முன் எழுதினால் பட்டைகளால் மறைக்கப்படும். உயர்ந்த பட்டைகள் கோட்டைக் கடக்கும் இடம் தெரிதல் வேண்டுமாதலால் முந்தைய முறையே நன்று. முறிகோடாக வரைந்து, வலப்புற ஓரத்தில் 'சமப் பகிர்வு: 20%' எனப் பெயரிடுதல் தகும்.

உ. குழுவுக்கொரு கோடு. திணைதோறும் வேறு ஒப்பீட்டு மதிப்பு இருப்பின் முழுநீளக் கோடு உதவாது. ஜியோம் செக்மெண்ட் கட்டளையால் குறுங்கோடுகள் வரையப்படும். மென்பொருள் ஐந்து திணைகளையும் கிடை அச்சில் 1 முதல் 5 வரையிலான இடங்களில் நிறுத்துகிறது. குழுவின் மொத்த அகலம் 0.8 எனில், குறுங்கோடு தன் இடஎண்ணிலிருந்து 0.4 குறைத்த இடத்தில் தொடங்கி 0.4 கூட்டிய இடத்தில் முடியும். குறிஞ்சிக்குரியது 1.6 முதல் 2.4 வரை அமையும்.

எக்செலில் ஒப்பீட்டு மதிப்பைத் தனிப் பத்தியாக எழுதி, அத்தொடரை மட்டும் கோட்டு வகையாக மாற்றுவது வழக்கம். அக்கோடு முதற்குழுவின் நடுவில் தொடங்கி இறுதிக் குழுவின் நடுவில் முடிந்துவிடும். மேலும், திணைதோறும் வேறுபடும் மதிப்புகளை அவ்வாறு வரைந்தால் ஏறியிறங்கும் ஒரு தொடர்கோடு தோன்றி, முல்லையிலிருந்து குறிஞ்சிக்கு ஏதோ வளர்ச்சி நிகழ்வதுபோல் காட்டும். திணைகளுக்கிடையே அத்தகைய தொடர்ச்சி இல்லையாதலால் இணைக்கும் கோடு கூடாது. எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளில் படத்தை வரைந்தபின் படத்திருத்தியைத் திறந்து நெடு அச்சுக்குரிய ஒப்பீட்டுக் கோட்டைச் சேர்த்து மதிப்பைத் தரலாம்.

ஊ. அச்சின் தொடக்கம். பட்டையின் நீளமே மதிப்பு என்பதால் நெடு அச்சு 0இல் தொடங்குதல் கட்டாயம். 10இல் தொடங்கினால் அகநானூற்றின் முல்லை, மருதம், நெய்தல் பட்டைகள் மூன்றும் மறைந்தேபோகும். பாலைக்கும் குறிஞ்சிக்கும் இடையிலான 2.5 மடங்கு வேறுபாடு 4 மடங்காகத் தோன்றும்.

எ. தமிழ் எழுத்துரு. எழுத்துகளை உருவமைக்கும் வசதியற்ற முறையில் கோப்பைச் சேமித்தால் 'நெய்தல்' என்பதன் கொம்பு இடம்மாறி நிற்கும். அச்சுக்கு அனுப்புமுன் இச்சொல்லைப் பார்த்தல் நல்ல சோதனை. இதழ்கள் கருப்பு வெள்ளையில் அச்சாவதால், நூல்களை நிறத்தால் அன்றிச் சாம்பல் நிறத்தின் அடர்த்தியால் வேறுபடுத்துதல் பொருந்தும்.

5. இரு கோடுகள், இரு முடிவுகள்

20 என்னும் சமப் பகிர்வுக் கோட்டுக்கு மாற்றாக, மூன்று நூல்களையும் ஒன்றாகச் சேர்த்த தொகுநிலைப் பங்கைத் திணைதோறும் கோடாக வரையலாம். அது முல்லைக்கு 14.97, குறிஞ்சிக்கு 19.92, மருதத்துக்கு 16.68, நெய்தலுக்கு 16.49, பாலைக்கு 31.94 விழுக்காடாகும்.

கலித்தொகையின் பாலைப் பட்டை 23.49. சமப் பகிர்வுக் கோட்டுக்கு அது மேலே நிற்கிறது; எனவே 'கலித்தொகை பாலைக்கு மிகுதியான இடம் தருகிறது' என்று எழுதலாம். தொகுநிலைக் கோட்டுக்கு அதே பட்டை கீழே நிற்கிறது. எனவே 'கலித்தொகை பாலைக்குக் குறைந்த இடம் தருகிறது' என்றும் எழுதலாம். ஐங்குறுநூற்றின் முல்லைப் பட்டை 20. முதற்கோட்டின்மேல் அது துல்லியமாகப் படிகிறது. இரண்டாம் கோட்டுக்கு மேலே 5 புள்ளிகள் உயர்ந்து, முல்லையை விரும்பிப் பாடிய நூல்போல் தோன்றுகிறது. எத்திணைக்கும் கூடுதல் இடம் தராத நூல் அது.

இம்முரணுக்குக் காரணம் கோடுகளின் பிறப்பிலுள்ளது. முதற்கோடு ஒரு கருதுகோள். தரவுக்கு வெளியிலிருந்து வருவது. இரண்டாம் கோடு தரவின் கூட்டு விளைவு. பாலையின் 335 பாடல்களில் 200 அகநானூற்றுக்கு உரியவை என்பதால் அந்நூலே கோட்டை மேலே இழுக்கிறது. பின்னர் அதே நூல் அதே கோட்டோடு ஒப்பிடப்படுகிறது. தன்னை உள்ளடக்கிய சராசரியோடு தன்னை ஒப்பிடும் இக்குறையை நீக்க, ஒப்பிடப்படும் நூலை விலக்கி ஏனைய நூல்களின் பங்கைக் கோடாகக் கொள்ளலாம். நூல்களின் அளவு வேறுபாட்டை நீக்க, மூன்று நூல்களின் பங்குகளையும் சமமாக மதித்துச் சராசரி காணலாம். அப்போது பாலைக்கோடு 31.16ஆகவும் முல்லைக்கோடு 13.80ஆகவும் மாறும். எதனைக் கொண்டாலும் அதன் பெயர் படத்தில் இடம்பெறுதல் வேண்டும். 'சராசரி' என்று மட்டும் எழுதப்பட்ட கோடு வாசகருக்கு எதனையும் சொல்வதில்லை.

6. கோட்டிலிருந்து விலகல் எதனைக் காட்டுகிறது?

அகநானூற்றின் பாலைப் பட்டை 20இலிருந்து 30 புள்ளிகள் உயர்ந்து நிற்பதைக் கண்டு, 'அகநானூற்றுப் புலவர்கள் பாலையையே பெரிதும் விரும்பினர்' என முடிவுகட்டத் தோன்றும். அம்முடிவு படத்திலிருந்து பெறத்தக்கதன்று. அந்நூலில் ஒற்றைப்படை எண்ணுடைய பாடல்கள் பாலை, 2, 8 என முடியும் எண்ணுடையவை குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 0 என முடிவன நெய்தல். பத்துப் பாடல்களுக்கு 5, 2, 1, 1, 1 என்பது முன்னரே வகுக்கப்பட்ட விகிதம்.

இதனையும் ஒரு குழுப் பட்டை விளக்கப்படத்தால் சோதிக்கலாம். களிற்றியானை நிரையின் 120 பாடல்களில் பாலை 60. மணிமிடை பவளத்தின் 180 பாடல்களில் 90. நித்திலக்கோவையின் 100 பாடல்களில் 50. மூன்று பகுதிகளையும் குழுக்களாக வரைந்தால் ஒவ்வொரு திணையின் பட்டையும் மூன்றிலும் ஒரே உயரம் பெறும். பல புலவர்களின் விருப்பம் தன்னியல்பாகச் சேர்ந்திருந்தால் இத்தகைய முழு ஒப்புமை வாய்ப்பது அரிது. ஆகவே கோட்டிலிருந்து உயர்ந்த 30 புள்ளிகள் தொகுத்தவராகிய உருத்திரசன்மரின் வைப்புத் திட்டத்துக்கே சான்று. திட்டம் ஏன் பாலைக்குப் பாதியை ஒதுக்கியது என்பது பொருளுள்ள வினா. ஆனால் அது வேறு சான்றுகளால் ஆராயப்பட வேண்டியது.

ஐங்குறுநூற்றின் சமநிலையும் அத்தகையதே. ஐந்து புலவர்கள் திணைக்கு நூறாகப் பாடிய நூலில் 20 என்பது கண்டுபிடிப்பன்று, நூலின் இலக்கணம். கலித்தொகையில் மட்டுமே எண்கள் ஒழுங்கற்று அமைகின்றன. 149ஐ ஐந்தால் வகுத்தால் 29.8, குறிஞ்சியின் 29 பாடல்கள் கோட்டுக்குக் கீழே நிற்பது ஒரு பாடலுக்கும் குறைந்த வேறுபாட்டால்தான். முழு எண்ணாகச் சமப் பகிர்வே இயலாத இடத்தில் அவ்விலகலுக்குப் பொருளில்லை. முல்லையின் 17 பாடல்களோ சமநிலையிலிருந்து ஏறத்தாழ 13 பாடல்கள் குறைந்தவை. விளக்கம் வேண்டுவது இதுவே.

இவ்விடத்தில் கைவர்க்கச் சோதனை போன்ற பொருண்மைச் சோதனைகளை ஏவுவதிலும் எச்சரிக்கை தேவை. அச்சோதனை, தரவு தற்செயல் வேறுபாட்டுக்கு உட்பட்டது எனக் கொள்வது. திட்டப்படி அடுக்கப்பட்ட அகநானூற்றுக்கு அக்கோட்பாடு பொருந்தாது. சோதனை தரும் மிகச்சிறிய நிகழ்தகவு, நாம் முன்னரே அறிந்த திட்டத்தையே மீண்டும் அறிவிக்கும்.

முடிவுரை

ஒப்பீட்டுக் கோடு படத்துக்கு அணியன்று. அது ஆய்வாளர் முன்வைக்கும் ஒரு கூற்று. கூற்றுக்குரிய பொறுப்பு அதற்கும் உண்டு. இவ்வாய்வால் பெறப்பட்ட நெறிகள் வருமாறு: அளவில் வேறுபடும் நூல்களைப் பங்காக்கிய பின்னரே ஒப்பிடுதல், விழுக்காட்டின் அடிப்படை எண்ணையும் எண்ணும் அலகையும் அச்சில் எழுதுதல், கோட்டின் மதிப்பு அந்த அடிப்படைக்குப் பொருந்துகிறதா எனச் சோதித்தல், கோடு கருதுகோளா, தரவின் சராசரியா என்பதைப் பெயரிட்டுக் காட்டல், சராசரியாயின் மாற்றுக் கோட்டோடும் ஒருமுறை வரைந்து முடிவு நிலைக்கிறதா எனப் பார்த்தல், விலகலைப் புலவர்க்கு உரியதாக்குமுன் தொகுத்தவரின் திட்டத்தை ஆராய்தல்.

பாடல்களைத் திணைவாரியாக எண்ணுவது தமிழ் ஆய்வுக்குப் புதிதன்று. அவ்வெண்களைப் படமாக்கும் வசதியே புதிது. சமப் பகிர்வுக் கோட்டோடு வரையப்பட்ட படத்தில் ஐங்குறுநூற்றுப் பட்டைகள் கோட்டோடு ஒன்றி நிற்க, அகநானூறு ஒரு திணையில் ஓங்கி மூன்றில் தாழ, கலித்தொகை முல்லையில் மட்டும் பெரிதும் விலகி நிற்கிறது. முதலிரண்டும் நூலமைப்பின் விளைவுகள். கலித்தொகை முல்லையின் குறைவு இன்னும் விடை காண வேண்டிய வினாவாக உள்ளது. மரபுவழி வெண்பா சுட்டுமாறு ஐந்து புலவர்கள் பாடிய நூலெனில், அக்குறைவு முல்லைக்குரிய சோழன் நல்லுருத்திரன் என்னும் ஒருவரின் ஆக்க அளவைச் சார்ந்தது; ஒருவரே பாடிய நூலெனில், அவருடைய தெரிவைச் சார்ந்தது. படம் இவ்வினாவைக் கண்முன் நிறுத்தும். விடையைப் பாடல்களிலேதான் தேடுதல் வேண்டும்.